இலக்கியமும் திறனாய்வும் கற்பித்தல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரியிலும் இலக்கியம் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரே நிலைப்பாடுதான் இருக்கிறது. மாணவர் சொல்லும் எந்த மதிப்பீடும் பனுவலின் (படிக்கும் பாடல் அல்லது கதையின்) ஏதாவது ஒரு சொல்லில், ஒரு வரியில் கால் ஊன்றியிருக்க வேண்டும். ஆசிரியர் வரலாறு, காலப் பின்னணி, கோட்பாடு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவை வாசிப்புக்குப் பின்னால் வரவேண்டும்.

முதலில் எதை நடத்துவது? நூலாசிரியர் குறிப்பா, பாடலா?

பாடலைத்தான். "இவர் மாபெரும் கவிஞர், இந்தப் பாடல் உலகப் புகழ் பெற்றது" என்று தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு மாணவர் பாடலில் தேடுவது அந்தப் புகழுக்கான காரணத்தை மட்டுமே. பாராட்டைத் தவிர வேறு எதுவும் சொல்ல அவருக்குத் துணிவு வராது.

கேம்பிரிட்ஜில் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனை இன்னமும் பயன் தருகிறது. 13 கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதையெல்லாம் திரட்டி 1929இல் நூலாக்கினார். நன்றாகப் படித்த மாணவர்களே நேர்ப்பொருளைத் தவறவிட்டார்கள். சொந்த நினைவுகளைக் கவிதைக்குள் ஏற்றினார்கள். 'தாய்' என்றால் தியாகம், 'நிலா' என்றால் காதல் என்பது போல மனத்தில் முன்பே தயாராக இருந்த உணர்ச்சிகளை எடுத்து நீட்டினார்கள். இந்த மூன்று பிழைகளும் இன்றைக்கு எந்த வகுப்பிலும் முதல் பத்து நிமிடத்திலேயே தலைகாட்டும். பெயரை மறைத்துக் கொடுத்தால் அவற்றைக் கண்டுபிடிக்கவாவது முடியும். வாழ்க்கைக் குறிப்பை அடுத்த பாடவேளையில் சொல்லிக்கொள்ளலாம்.

45 நிமிடப் பாடவேளையில் ஒரு பாடலை எப்படி நடத்துவது?

குறுந்தொகையின் மூன்றாம் பாடலை வைத்து முழுதாகப் பார்ப்போம்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் 5 நிமிடம் வாய்விட்டு வாசிப்பு. ஆசிரியர் ஒருமுறை, மாணவர் ஒருவர் ஒருமுறை, பிறகு எல்லோரும் மௌனமாக ஒருமுறை. "ஒருகுறி கேட்போன் இருகாற் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே" என்று நன்னூல் சொல்வது கேட்டுப் படித்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. மூன்றாம் வாசிப்பில்தான் சொற்களின் வரிசை கண்ணில் படத் தொடங்கும்.

அடுத்த 7 நிமிடம் பென்சில் வேலை. புரியாத சொல்லுக்குக் கீழே கோடு, வியப்பூட்டும் இடத்தில் ஒரு புள்ளி. பேச்சு வேண்டாம். ஆசிரியரும் பேசக்கூடாது, பலருக்கு இதுதான் கடினம்.

பிறகு 8 நிமிடம் நேர்ப்பொருள். இந்தப் பாடலில் ஒரு பொறி உண்டு. 'உயர்ந்தன்று' என்பதைப் பாதி வகுப்பு 'உயரவில்லை' என்று படிக்கும், 'அன்று' என்றால் 'அல்ல' என்ற பழக்கத்தால். இங்கே அது உடன்பாட்டு வினைமுற்று. 'உயர்ந்தது' என்று பொருள். இதை உடனே திருத்திவிடாமல் "நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயரவில்லை என்றால் அடுத்த வரியோடு பொருந்துகிறதா?" என்று கேளுங்கள். நீரைவிட அளத்தற்கு அரிய ஆழம் உடையது என்று அடுத்ததும் ஏறிக்கொண்டே போவதால், நடுவில் ஒரு மறுப்பு நிற்காது என்பதை மாணவரே கண்டுகொள்வார். இலக்கண அறிவு வாசிப்புக்குள் வந்து வேலை செய்வதை அவர் பார்க்கும் தருணம் இது.

அதன்பின் 15 நிமிடம் கேள்விகளுக்கு. நல்ல வகுப்பில் இவை வெளிவரும்:

எது பெரியது, எது உயர்ந்தது என்பது நமக்கு எப்போது தெரிகிறது? கடைசிச் சொல்லில். 'நட்பே' வரும்வரை எழுவாயே இல்லை. மூன்று பயனிலைகளை முதலில் சொல்லிவிட்டு, கேட்பவரைக் காக்க வைத்து, கடைசியில்தான் எழுவாயைத் தருகிறாள் பாடலில் பேசும் பெண்.

முதல் ஒன்றரை அடியில் கண்ணுக்குத் தெரியும் படம் ஏதாவது உண்டா? இல்லை, பரப்பு, உயரம், ஆழம் என்ற அளவுகள் மட்டுமே. 'சாரல்' என்ற சொல்லிலிருந்து திடீரென்று காட்சி வருகிறது, அதுவும் மிகச் சிறியதாக: கரிய கொம்பு, பூ, தேன். பேரளவிலிருந்து பூவுக்குள் இறங்கும் இந்த இறக்கம் எதற்காக?

தேன் இழைப்பது யார்? 'வண்டு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாட்டில் அந்தச் சொல் இல்லை. நாமே நிரப்பிக்கொண்டோம். இப்படி வாசகரே இட்டு நிரப்பும் இடங்களைக் காட்டிக் கொடுப்பது திறனாய்வுப் பயிற்சியின் பெரும்பகுதி.

மூன்றாம் அடியில் மூன்றே சீர்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) அப்படித்தான் வரும் என்பது யாப்பு. ஆனால் அந்தச் சுருக்கம் வாசிப்பின் வேகத்தை என்ன செய்கிறது என்பது திறனாய்வு. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதற்குப் பிறகே, 5 நிமிடம், பாடலோடு வரும் கூற்றுக் குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பைக் கொடுங்கள். தலைவன் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் விரைந்து மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். தலைவி அவனைப் புகழ்ந்து விடை சொல்கிறாள். குறிப்பைப் படித்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தனக்குள் பேசியதாக எண்ணியது ஒரு வாதத்துக்கு மறுமொழியாகிவிடுகிறது. 'பெரிது, உயர்ந்தது, ஆழமானது' என்ற அடுக்கில் அன்போடு ஒரு வேண்டுகோளும் கேட்கிறது. இந்தக் குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தவர்கள் பிற்காலத்தில் சேர்த்தவை என்பதே பரவலான கருத்து. ஆகவே, "குறிப்பு இல்லாமல் உங்களுக்கு முதலில் தோன்றிய பொருளும் நிற்குமா?" என்பதும் முறையான கேள்விதான். இதை மட்டும் வைத்தே இன்னொரு பாடவேளை விவாதிக்கலாம்.

கடைசி 5 நிமிடம் எழுத்து. "இந்தப் பாடலில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எது அதிகம் கெடும்? ஏன்?" நான்கு வாக்கியம் போதும்.

பதவுரை சொல்லாமல் சங்கப் பாடலை எப்படிப் புரிய வைப்பது?

சொல்லத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் தவறு நடக்கிறது. முழுப் பதவுரையையும் முதலிலேயே எழுதிப் போட்டால் மாணவர் உரையைப் படிப்பார், பாடலைப் படிக்கமாட்டார். ஊகிக்க முடியாத சொற்களுக்கு மட்டும் முன்கூட்டியே பொருள் கொடுங்கள். நான்கடிப் பாடலுக்கு மூன்று நான்கு சொற்களே அப்படி இருக்கும். மேலே கண்ட பாடலில் 'ஆரளவின்று', 'இழைக்கும்', 'நாடன்'. மற்றவற்றைச் சூழலிலிருந்து பிடிக்கட்டும். உரைநடைப் பொழிப்பை வகுப்பின் முடிவில் மாணவர்களே எழுத, அதை அச்சான உரையோடு ஒப்பிடச் செய்யலாம். உரையில் இருந்து பாடலில் இல்லாதது எது, பாடலில் இருந்து உரையில் விடுபட்டது எது என்று இரண்டு பட்டியல். அந்த இரண்டாவது பட்டியல்தான் கவிதை.

என்ன மாதிரிக் கேள்விகள் வேலை செய்கின்றன?

விடை ஒன்றே என்று தெரிந்த கேள்வியும் ("இதில் பயின்று வந்த அணி யாது?") எதைச் சொன்னாலும் தகும் என்ற கேள்வியும் ("இந்தப் பாடலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?") விவாதத்தைக் கொன்றுவிடும். நடுவில் இருப்பது வேண்டும்: சிலவிதமாக விடை சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரி காட்டியாக வேண்டும். 'ஏன் இந்தச் சொல், வேறு சொல் ஏன் இல்லை?' என்பது கிட்டத்தட்ட எல்லாப் பனுவலுக்கும் பொருந்தும். 'யார், யாரிடம், எப்போது பேசுகிறார்?' என்பதும் அப்படியே. 'இதற்குமுன் என்ன நடந்திருக்க வேண்டும்?' என்பது சிறுகதைக்கும் அகப்பாடலுக்கும் நன்றாக அமையும்.

ஒரு வகுப்புக்கு ஐந்து கேள்விக்கு மேல் தயாரிக்காதீர்கள். பதினைந்து எழுதி வைத்துக்கொண்டு போனால், மாணவர் சொன்ன விடையைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவீர்கள். விடையைப் பிடித்துக்கொண்டு "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்பதே அடுத்த கேள்வியாக இருக்கட்டும். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, ஆவலோடு.

கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, விடை சொல்லாதவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். இலக்கிய வகுப்புக்கு மூன்று நொடியும் குறைவு. பனுவலைத் திரும்பப் பார்க்கவே பத்து நொடி வேண்டும்.

அடுத்தது, எழுதிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். 2 நிமிடம் தனியாகக் குறிப்பு, 3 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு, பிறகு பொதுவில். கையில் ஒரு வாக்கியம் இருந்தால் கூச்சம் பாதியாகும். குழு வைத்தால் மூன்று அல்லது நான்கு பேர். ஐந்து ஆனதும் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு வரி அல்லது பத்தி கொடுங்கள். ஒரே வேலையைப் பத்துக் குழுவுக்குக் கொடுத்தால் நான்காவது குழு பேசும்போதே வகுப்பு கவனிப்பதை நிறுத்திவிடும்.

அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குவார்கள். கடைசியில் 'சரியான விடையை' ஆசிரியரே எழுதிப் போடுவார் என்று தெரிந்த வகுப்பில், பேசுவது வீண் வேலை. மாணவர் சொன்ன வாக்கியம் அவர் சொன்னபடியே கரும்பலகையில் ஏறவேண்டும். அதற்கும் மதிப்பு உண்டு என்று அப்போதுதான் நம்புவார்கள்.

ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எல்லாம் சரி என்று விட்டுவிடலாமா?

கூடாது. பல பொருள் உண்டு என்பதற்கு எந்தப் பொருளும் தகும் என்று அர்த்தமில்லை. இதைக் காட்ட 55ஆம் குறளைப் போல உதவும் பாடம் குறைவு.

தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்
பெய்யெனப் பெய்யும் மழை.

பரிமேலழகர் வழியில், கணவனைத் தொழுது எழுகின்றவள் 'பெய்' என்றால் மழை பெய்யும். பிற்காலத்தில் வந்த இன்னொரு வாசிப்பில், அவள் 'பெய்' என்றதும் பெய்யும் மழையைப் போன்றவள். இரண்டையும் தாங்குவது ஒரே சொல்லின் இலக்கணம். 'பெய்யும்' என்பது வினைமுற்றாகவும் வரலாம், பெயரெச்சமாகவும் வரலாம். முற்றாகக் கொண்டால் முதல் பொருள். எச்சமாகக் கொண்டால் 'பெய்யும் மழை' என்ற தொடர் உவமையாகி இரண்டாம் பொருள். ஆக இரண்டு வாசிப்புக்கும் பனுவலில் இடமிருக்கிறது. 'மழை என்பது அவளுடைய கண்ணீர்' என்று ஒரு மாணவர் சொன்னால் அதற்குப் பிடிமானம் எந்தச் சொல்லிலும் இல்லை. அவரைச் சிறுமைப்படுத்தாமல் "எந்தச் சொல் கண்ணீரைக் கொண்டுவருகிறது?" என்று கேட்டால் போதும்.

இதே குறளில் வேறொரு கேள்வியும் எழும், எழவேண்டும்: இந்தக் கருத்தை இன்று ஏற்கலாமா? அது மதிப்பீட்டுக் கேள்வி. குறளை மாணவர் மறுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 'என்ன சொல்கிறது' என்பதையும் 'ஏற்கிறேனா' என்பதையும் தனித்தனிப் பத்திகளில் எழுதச் சொல்லுங்கள். குறளைக் காப்பாற்றும் ஆசையில் இரண்டாம் பொருளைத் தேர்வதும், குறளைத் தாக்கும் ஆசையில் முதல் பொருளைத் தேர்வதும் ஒரே பிழைதான். இரண்டிலும் மதிப்பீடு இலக்கணத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

'கவிஞர் என்ன நினைத்து எழுதினார்?' என்று கேட்கலாமா?

கேட்காமல் இருப்பது நல்லது. நினைத்தது நமக்குக் கிடைக்காது, எழுதியது கிடைக்கிறது. அமெரிக்க அறிஞர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இலேயே இந்த வாதத்தை விரிவாக வைத்தார்கள். 'கவிஞர் என்ன நினைத்தார்' என்பதற்குப் பதிலாக 'பாடல் என்ன செய்கிறது' என்று மாற்றிக் கேளுங்கள். விடை தானாகவே வரிகளுக்குள் வந்துவிடும். கடிதங்கள், முன்னுரைகள் இருந்தால் அவற்றை இன்னொரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

சிறுகதையை எப்படி நடத்துவது? கதைச் சுருக்கம் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சுருக்கத்தை முதல் 3 நிமிடத்தில் ஒரே வாக்கியமாக வாங்கிவிடுங்கள். இனி யாரும் கதையைச் சொல்லக்கூடாது என்பது வகுப்பின் விதி. அதன்பின் சொல்லும் முறையை மட்டும் பேசுங்கள்.

மூன்று பயிற்சிகள் எப்போதும் பலன் தரும். முதலாவது, காலக் கணக்கு. பத்தி பத்தியாகக் கதைக்குள் எவ்வளவு நேரம் கடக்கிறது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு ஒரு வரியில் போயிருக்கும், பத்து நிமிடம் இரண்டு பக்கம் ஓடியிருக்கும். எங்கே மெதுவாகிறதோ அங்கேதான் கதை இருக்கிறது. இரண்டாவது, சொல்பவரை மாற்றுவது. ஒரு பத்தியைப் படர்க்கையிலிருந்து தன்மைக்கு மாற்றி எழுதினால் எந்தத் தகவல் விழுந்துவிடுகிறது, எது புதிதாகத் தேவைப்படுகிறது என்பது தெரியும். கதைசொல்லி எழுத்தாளர் அல்லர் என்பதை விரிவுரையைவிட இந்தப் பயிற்சி வேகமாகப் புரியவைக்கும்.

மூன்றாவது, முடிவை வெட்டிக் கொடுப்பது. கல்லூரி வகுப்பென்றால் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கங்களே உள்ள கதை; ஒரே பாடவேளையில் படித்துவிடலாம். வறுமையில் ஒரு பெண் எடுக்கும் முடிவைச் சொல்லிவிட்டு, கடைசியில் கதைசொல்லி நேராக நம்மிடம் திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே என்று கேட்கிறான். அந்தக் கடைசி வரிகளை மறைத்து முதலில் படிக்கக் கொடுங்கள். கதை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். பிறகு மறைத்த வரிகளைக் காட்டுங்கள். அந்த நேர்ப்பேச்சு கதையைக் கூர்மையாக்குகிறதா, வாசகர் செய்ய வேண்டியதைக் கதைசொல்லியே செய்துவிடுகிறதா? வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு பக்கத்துக்கும் நல்ல வாதங்கள் உண்டு, ஆசிரியர் பக்கம் சாயவேண்டியதில்லை.

நாவல்? 300 பக்கத்தை வகுப்பில் எப்படி?

முழுதும் வகுப்பில் முடியாது. முதல் பக்கம், நடுவில் ஒரு திருப்பம், கடைசிப் பக்கம் என்று மூன்று பகுதியை நெருக்கமாகப் படியுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். மற்றதை வீட்டில் படிக்க, வாரத்துக்கு 60 பக்கம் என்று பிரித்துக் கொடுக்கலாம். அத்தியாயத்தை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுச் சுருக்கம் வாங்கும் பழக்கம் வேண்டாம். யாருமே நாவலைப் படிக்காமல் எல்லோருக்கும் கதை தெரிந்திருக்கும் நிலைதான் அதனால் வரும்.

நாடகம்?

எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஒரே உரையாடலை இரண்டு விதமான குரலில் வாசிக்கச் சொல்லி, எந்த வசனம் எந்தக் குரலுக்கு இடம் தரவில்லை என்று பாருங்கள்.

தொல்காப்பியம் இன்றைய திறனாய்வுக்குப் பயன்படுமா, அல்லது மனப்பாடத்துக்கு மட்டுமா?

பட்டியலாகக் கற்பித்தால் மனப்பாடம். கருவியாகக் கொடுத்தால் இன்றைக்கும் கூர்மை குறையாதது. உவமையியல் ஒப்புமையின் அடிப்படையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். மாணவர் 'அழகான உவமை' என்று எழுதினால், எது ஒப்புமை என்று இந்த நான்கையும் காட்டிக் கேளுங்கள். புதுக்கவிதையில் எடுத்த உவமைக்கும் இது வேலை செய்யும். நான்கிலும் அடங்காத உவமை வந்தால் இன்னும் நல்லது. ஏன் அடங்கவில்லை என்பதே கட்டுரைக்குப் பொருளாகும்.

எட்டு மெய்ப்பாடுகளையும், அதாவது உணர்ச்சியின் வெளிப்பாடுகளையும் (நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை) அப்படியே பயன்படுத்தலாம். 'சோகமான கதை' என்று எழுதுபவரிடம் அது அழுகையா இளிவரலா என்று கேளுங்கள். இழப்பால் வரும் அழுகையும், மூப்பு, பிணி போன்றவற்றால் வரும் இளிவரலும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்கும்போது அவருடைய வாசிப்பே மாறும்.

முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்த நிலத்துப் பூ, பறவை போன்றவை), உரி (பாடலின் உணர்வு) என்ற பாகுபாட்டில் ஓர் எச்சரிக்கை. அட்டவணை போட்டு நிலம், பொழுது, பறவை, பூ என்று நிரப்பியதும் பாடம் முடிந்துவிட்டதாக மாணவர் நினைப்பார். அட்டவணை தொடக்கம்தான். இந்தப் பூ இந்த இடத்தில் இந்த ஆள் வாயில் ஏன் வருகிறது என்பது அட்டவணையில் இல்லை. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்பதை யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அருமையான தகவல், ஆனால் பாடல் அதைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்ததென்று குறித்துவிட்டு, அது வாசிப்புக்கு எவ்வளவு வலு சேர்க்கிறது என்று விவாதியுங்கள்.

மார்க்சியம், பெண்ணியம், தலித்தியம் போன்ற கோட்பாடுகளை எப்போது அறிமுகப்படுத்துவது?

பருவம் 15 வாரம் என்றால் முதல் ஆறு வாரம் கோட்பாட்டின் பெயரே எடுக்காமல் நெருங்கிய வாசிப்பு. அதன்பின் ஒவ்வொரு கோட்பாட்டையும் இரண்டு மூன்று கேள்விகளாக மாற்றிக் கொடுங்கள். இந்தக் கதையில் உழைப்பது யார், பலன் யாருக்கு? பேசுவது யார், பேசப்படுவது யார், பெயரே இல்லாமல் இருப்பது யார்? யாருடைய தெரு விரிவாக வருகிறது, யாருடைய தெரு பின்புலமாக மட்டும் நிற்கிறது? வகுப்பில் ஏற்கனவே நன்றாகப் படித்த பனுவலுக்கே இந்தக் கேள்விகளைப் போடுங்கள். புதிய கதையையும் புதிய கோட்பாட்டையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டும் நழுவும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு, கோட்பாடு முத்திரையாகிப்போவது. 'இது ஒரு பெண்ணியக் கதை' என்ற வாக்கியத்தோடு கட்டுரை முடிந்துவிடும். அந்த வாக்கியத்தைத் தடைசெய்யுங்கள். 'பெண்ணிய நோக்கில் கேட்டால் இந்தப் பத்தியில் புதிதாகத் தெரிவது...' என்று தொடங்கச் சொல்லுங்கள். புதிதாக எதுவும் தெரியவில்லை என்றால் அந்தக் கேள்வி இந்தப் பனுவலுக்கு உரியதன்று என்று எழுதவும் மாணவருக்கு உரிமை வேண்டும்.

தமிழ்த் திறனாய்வின் வரலாற்றையும் இந்த இடத்தில் சேர்க்கலாம். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழைச் சுற்றி வளர்ந்த பனுவல் சார்ந்த அணுகுமுறையையும், இலங்கைத் திறனாய்வாளர்கள் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் சமூகவியல் அணுகுமுறையையும் அருகருகே வைத்தால், விவாதம் இறக்குமதிச் சரக்கில்லை என்பது மாணவருக்குப் புரியும்.

விமர்சனக் கட்டுரை எழுத எப்படிப் பயிற்சி தருவது?

முழுக் கட்டுரை வேண்டாம். முதல் ஒரு மாதம் ஒரே பத்தி, 120 சொல். அதில் மூன்று உறுப்பு: கூற்று, சான்று, விளக்கம். விளக்கம் சான்றைவிட இரண்டு மடங்கு நீளமாக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். மாணவர் பொதுவாக மேற்கோளை நீளமாகப் போட்டுவிட்டு 'என்று அழகாகக் கூறுகிறார்' என்று முடித்துவிடுவார்.

வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்: "இப்பாடலில் தலைவி தன் காதலின் சிறப்பை மிக அழகாக எடுத்துரைக்கிறாள். உவமைகள் நயம்பட அமைந்துள்ளன. இயற்கை வருணனை நெஞ்சை அள்ளுகிறது." எந்தப் பாடலுக்கும் ஒட்டும் வாக்கியங்கள் இவை. பாடலின் பெயரை மறைத்துவிட்டு, எந்தப் பாடலைப் பற்றியது என்று வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முடியாது. அந்தச் சோதனையை மாணவர் தாமே செய்யப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

திருத்திய பத்தி இப்படி வரலாம்: "தலைவி நிலத்தையும் வானையும் நீரையும் தன் நட்புக்கு இணையாக வைக்கவில்லை, மூன்றையும் தாண்டிப் போகிறாள். 'நிலத்தினும்', 'வானினும்', 'நீரினும்' என்று மூன்று முறை வரும் '-இனும்' ஒவ்வோர் அளவையும் எடுத்துக்காட்டி உடனே போதாது என்று தள்ளுகிறது. அளவுகள் தீர்ந்துபோன பிறகே அவள் பூவுக்கும் தேனுக்கும் வருகிறாள். எனவே குறிஞ்சிப் பூ வெறும் பின்னணி அன்று. அளந்து சொல்ல முடியாததைக் காட்டிச் சொல்லும் முயற்சி." இதை மறுக்க முடியும். மறுக்கக் கூடியதாக இருப்பதே நல்ல கூற்றின் அடையாளம்.

ஒரு மாதம் கழித்து மூன்று பத்தி, பருவ இறுதியில் 800 சொல் கட்டுரை. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுதினால் 'இலக்கியம் என்பது காலத்தின் கண்ணாடி' என்றுதான் தொடங்கும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

20 மதிப்பெண் என்றால் கூற்றுக்கு 4, சான்றுக்கு 5, விளக்கத்துக்கு 8, மொழிக்கு 3 என்று பிரிக்கலாம். விளக்கத்துக்கு அதிகம் என்பதை எழுதும் முன்பே மாணவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கருத்துக்கு எதிரான கருத்தை எழுதியவருக்கும் சான்று இருந்தால் முழு மதிப்பெண் போடத் தயாராக இருக்க வேண்டும். ஒருமுறை அப்படிப் போட்டது தெரிந்தால் வகுப்பின் துணிவு கூடும்.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பாக்க வேண்டாம். ஒரு தாளுக்கு இரண்டு குறிப்பு: எந்த வாக்கியம் பனுவலை உண்மையாகத் தொட்டது, எந்த வாக்கியத்துக்குச் சான்று தேவை. பிறகு அந்த ஒரு பத்தியை மட்டும் மீண்டும் எழுதி வாங்குங்கள். திருத்தி எழுதாத இடத்தில் குறிப்பு எழுதுவது ஆசிரியரின் நேரத்தை வீணாக்கும்.

மாணவருக்குப் பனுவல் பிடிக்கவில்லை, அல்லது மனத்தைக் காயப்படுத்துகிறது என்றால்?

பிடிக்கவில்லை என்பது நல்ல தொடக்கம். எந்த வரியில் சலிப்பு வந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். 'பிடிக்கவில்லை' என்பது 'இங்கே கதைசொல்லி எனக்குப் பாடம் நடத்துகிறார்' என்று மாறும்போது அது விமர்சனமாகிவிடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலிருந்தே வலியுறுத்தி வந்தது இதைத்தான்: வாசகரின் எதிர்வினை தொடக்கம், அங்கிருந்து பனுவலுக்குத் திரும்பி வந்து அதைச் சோதிக்க வேண்டும்.

காயப்படுத்துவது வேறு விஷயம். சாதி இழிவு, பாலியல் வன்முறை, தற்கொலை வரும் பனுவலை முன்னறிவிப்பில்லாமல் வாய்விட்டு வாசிக்க வைக்காதீர்கள். முதல்நாளே சொல்லுங்கள். ஒரு மாணவரின் சமூகத்தைப் பற்றிய கதை என்பதற்காக அவரிடம் விளக்கம் கேட்பது கொடுமை, ஒருபோதும் வேண்டாம்.

இணையத்திலிருந்தும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலிருந்தும் கட்டுரை வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

மேற்கோள்களை முதலில் சரிபாருங்கள். அந்தக் கருவிகள் இல்லாத அடிகளைச் சங்கப் பாடல் போல உருவாக்கிக் கொடுப்பதும், பாடல் எண்ணை மாற்றுவதும் உண்டு. தலைப்பை மாற்றுவது இன்னும் நல்ல வழி. 'குறுந்தொகையில் இயற்கை' என்று கேட்டால் ஆயிரம் கட்டுரை தயாராக இருக்கிறது. 'வகுப்பில் இரண்டு பேர் சொன்ன வாசிப்புகளில் ஒன்றை எடுத்து, மூன்றாம் அடியை மட்டும் வைத்து மறுக்கவும்' என்று கேட்டால் வகுப்பில் இருந்தவர்தான் எழுத முடியும். சந்தேகம் இருந்தால் குற்றம் சாட்டாமல் 3 நிமிடம் உட்கார வைத்து, கட்டுரையில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பாடலில் காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் உடனே காட்டுவார்.

கருவி எழுதிய கட்டுரையையே வகுப்பில் திறனாய்வுக்கு வைக்கவும் செய்யலாம். எந்தப் பாடலுக்கும் ஒட்டும் வாக்கியங்களை அடித்துவிட்டு மிஞ்சுவதை எண்ணச் சொல்லுங்கள்.

தேர்வுக்குத் தயார் செய்ய நேரம் எங்கே?

பாடத்திட்டம் நீளம், நேரம் குறைவு என்பது உண்மை. எல்லாப் பாடலையும் இப்படி நடத்த முடியாது. ஒரு பருவத்துக்கு நான்கு பனுவலை மட்டும் முழு நேரம் கொடுத்து நடத்துங்கள். மற்றவற்றை நேர்ப்பொருள், இரண்டு கேள்வி என்று வேகமாகக் கடக்கலாம். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, பழைய வினாத்தாளின் நெடுவினாக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முழு விடைக்குப் பதில் கூற்று ஒன்று, மேற்கோள் இரண்டு என்று அட்டை எழுதச் சொல்லுங்கள். அட்டையைப் பார்த்து 15 நிமிடத்தில் விடை எழுதும் பயிற்சியை வாரம் இருமுறை வைத்தால் போதும். மேற்கோளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அதைப் பொருள் புரிந்த வரியாகச் செய்தால் தேர்வறையில் ஒரு சொல் மறந்தாலும் மாணவர் தடுமாறமாட்டார்.